சின்ன ஊர்களின் குடிநீருக்குத் தோள் கொடுக்கும் அமைப்பு: குயின்ஸ்லாந்தின் அனுபவம்

பர்ட்ஸ்வில் ஊரின் தண்ணீர் பூமியிலிருந்து கொதிக்கக் கொதிக்கத்தான் வருகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பாலைவனத்தை ஒட்டிய தென்மேற்கு மூலையில் இருக்கும் சிற்றூர் அது. 1,200 மீட்டருக்கும் கீழே போகும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏறத்தாழ 98 டிகிரி செல்சியஸ் சூட்டில், நீர் தன் அழுத்தத்தாலேயே மேலே ஏறி வரும். பம்ப் வேண்டியதில்லை. ஆனால் அப்படியே வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. சாதாரண பி.வி.சி. குழாய் 60 டிகிரிக்கு மேல் தாங்காது. நீரை ஆறவைத்து, தொட்டியில் தேக்கி, பாதுகாப்பை உறுதிசெய்த பிறகுதான் குழாயில் விட வேண்டும். இந்த வேலைக்குப் பொறுப்பு டயமன்டினா ஷயர் என்ற உள்ளாட்சி மன்றம். அதன் பரப்பு சுமார் 95,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 300ஐத் தொடாது.

அதே மாநிலத்தின் இன்னொரு முனையில், பிரிஸ்பேன் உள்ளிட்ட ஐந்து மன்றங்களுக்குச் சொந்தமான அர்பன் யூட்டிலிட்டீஸ் என்ற நிறுவனம் பதினைந்து லட்சம் பேருக்கு மேல் தண்ணீர் விநியோகிக்கிறது. சொந்த ஆய்வகம், வேதியியலாளர்கள், சட்டப் பிரிவு என்று எல்லாம் அதற்கு உண்டு. குயின்ஸ்லாந்தின் பரப்பு தமிழ்நாட்டைப் போலச் சுமார் 13 மடங்கு. உள்ளாட்சி மன்றங்கள் 77தான். அவற்றில் பெரும்பாலானவை தம் ஊர்களின் குடிநீரையும் கழிவுநீரையும் தாமே நடத்துகின்றன. நாடுகடத்தலை எதிர்த்துப் போராடிய இலங்கைத் தமிழ்க் குடும்பத்துக்காக ஓர் ஊரே திரண்டு நின்றதே, அந்த பிலோயிலாவும் இப்படிப்பட்ட ஊர்தான். அதன் குடிநீரைப் பார்த்துக்கொள்வது பனானா ஷயர் மன்றம்.

பெரியதோ சிறியதோ, எல்லோருக்கும் சட்டம் ஒன்றே. 2008ஆம் ஆண்டின் நீர் வழங்கல் பாதுகாப்பு மற்றும் நம்பகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வொரு வழங்குநரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். குடிநீர்த் தர மேலாண்மைத் திட்டம் ஒன்றை எழுதி அரசின் ஒப்புதல் பெற வேண்டும். நீர் எங்கிருந்து வருகிறது, அதில் என்னென்ன ஆபத்து வரக்கூடும், எந்தப் படியில் எதைக் கொண்டு தடுக்கிறோம், அந்தத் தடுப்பு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்பதையெல்லாம் அதில் ஊர் ஊராக எழுத வேண்டும். பிறகு ஆண்டறிக்கை, மறுபரிசீலனை, தணிக்கை. பொதுச் சுகாதார விதிகளின்படி 12 மாதங்களில் எடுத்த மாதிரிகளில் 98 சதவீதத்தில் ஈ.கோலை, அதாவது மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா, இருக்கவே கூடாது. ஒன்றில் தென்பட்டாலும் உடனே ஒழுங்குமுறை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். கழிவுநீர் நிலையத்துக்குச் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் தனி அனுமதி. இத்தனையையும் பதினைந்து லட்சம் பேருக்கான நிறுவனமும் செய்கிறது, ஒரே ஆள் ஓட்டும் நிலையமும் செய்கிறது. அந்த ஒரே ஆள் பல ஊர்களில் நீச்சல் குளத்தையும் பூங்காவையும் சேர்த்துப் பார்ப்பவர்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் குயின்ஸ்லாந்து வாட்டர் டைரக்டரேட் இருக்கிறது. சுருக்கமாக கியூஎல்டி வாட்டர் என்பார்கள். பெயரில் டைரக்டரேட் என்று இருந்தாலும் அது அரசுத் துறை அல்ல. பொதுப்பணிப் பொறியாளர்களின் சங்கத்துடைய குயின்ஸ்லாந்துக் கிளைக்குள் ஒரு பிரிவாக வளர்ந்த உறுப்பினர் அமைப்பு. உறுப்பினர்கள் பெரும்பாலும் மன்றங்களும் மன்றங்களுக்குச் சொந்தமான நீர் நிறுவனங்களும். அதற்குக் குழாய் கிடையாது, பம்ப் கிடையாது, யாருக்கும் உத்தரவிடும் அதிகாரமும் கிடையாது. வழிகாட்டு ஏடுகள், தரவு, பயிற்சி, கூட்டு ஏற்பாடு, அரசிடம் பேசுவது ஆகியவைதாம் அதன் வேலை. மன்றங்களின் பொது அரசியல் குரலாக உள்ளாட்சிகளின் சங்கம் தனியே இருக்கிறது. நிலையம் ஓட்டுபவர்களுக்கும் தனிச் சங்கம் உண்டு. கியூஎல்டி வாட்டர் இந்த இரண்டுக்கும் இடையில், நீர் வழங்கும் வேலையின் உள்விவரம் தெரிந்த இடத்தில் நிற்கிறது.

'வழிகாட்டுதல்' என்ற சொல் காதில் விழும்போது பெரிதாகத் தோன்றாது. சின்ன ஊரில் அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் குளோரின் டிரம் ஒன்றின் அருகே நின்று பார்த்தால்தான் புரியும்.

சிறிய நிலையங்களில் குளோரின் வாயுவை விட சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலே வசதி. கையாள எளிது, வாயுக் கசிவு அச்சம் இல்லை. கடையிலிருந்து வரும்போது லிட்டருக்குச் சுமார் 125 கிராம் குளோரின் வலு இருக்கும். ஓர் ஊருக்கு நாளொன்றுக்கு 2 லட்சம் லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 2 மி.கி. போட்டால் நாளைக்கு 400 கிராம் குளோரின், அதாவது 3.2 லிட்டர் ஹைப்போ. 200 லிட்டர் டிரம் இரண்டு மாதம் வரும். லாரி வாடகை அதிகம் என்பதால் மன்றம் 1,000 லிட்டராக வாங்கிவிட்டால் பத்து மாதத்துக்கு மேல் கிடக்கும். கிடப்பது தகரக் கொட்டகையில், கோடையில் 40 டிகிரி வெயிலில்.

ஹைப்போ கிடக்கக் கிடக்க வலு குன்றும். வெப்பம் 10 டிகிரி கூடினால் சிதைவு மூன்று நான்கு மடங்கு வேகமாகும். சிதைந்தது வெறுமனே மறைந்து போவதில்லை, பெரும்பகுதி குளோரேட்டாக மாறிக் கரைசலிலேயே தங்குகிறது. ஊருக்குள் மீதக் குளோரின், அதாவது குழாய் நீரில் மிஞ்சி நிற்கும் குளோரின், குறைவதைப் பார்க்கும் ஆபரேட்டர் இயல்பாகவே மருந்து பம்பைக் கூட்டி வைப்பார். மீதக் குளோரின் சரியாகிவிடும். கூடவே குளோரேட்டும் இரண்டு மூன்று மடங்காக வீட்டுக்குப் போகும். அளவு மீறினால் அது தைராய்டு சுரப்பியைப் பாதிக்கக்கூடிய பொருள். ஆபரேட்டர் செய்த எதுவும் கவனக்குறைவு அல்ல. கையிலிருந்த கருவி காட்டியதை நம்பி நடந்திருக்கிறார். தினமும் அளக்கும் கருவி குளோரினைக் காட்டும், குளோரேட்டைக் காட்டாது.

தீர்வு எளிதுதான், தெரிந்திருந்தால். சிறு அளவில் அடிக்கடி வாங்குவது. வந்த நாளை டிரம்மில் எழுதி, பழையதை முதலில் தீர்ப்பது. கொட்டகைக்குக் கூரைக் காப்பும் நிழலும் கொடுப்பது. புதுச் சரக்கைப் பழைய மிச்சத்தின் மேல் ஊற்றாமல் இருப்பது. வந்தவுடன் சம அளவு நீர் சேர்த்து வலுவைப் பாதியாக்குவது. பாதியாக்கினால் சிதைவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் சேர்க்கும் நீர் கடினநீராக இருந்தால் சுண்ணாம்புப் படிவு மருந்துக் குழாயை அடைத்துவிடும், ஆகவே மென்னீராக்கியது தேவை. இன்னொரு தொல்லை, சிதையும் ஹைப்போவிலிருந்து ஆக்சிஜன் குமிழ்கள் வரும். அவை மருந்து பம்பின் தலையில் தேங்கினால் பம்ப் துடித்துக்கொண்டே இருக்கும், மருந்து மட்டும் போகாது. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். வாயு வெளியேற்றும் வால்வு உள்ள தலை, அல்லது குழாயைப் பிழிந்து தள்ளும் வகைப் பம்ப் பொருத்துவது நல்லது.

இதை ஒவ்வோர் ஊரும் தானே அடிபட்டுக் கற்றுக்கொள்ள வேண்டுமா? ஒரு மன்றம் கண்டுபிடித்தது அடுத்த மாதமே மற்ற மன்றங்களின் கொட்டகைக்குப் போய்ச் சேருவதற்கு ஓர் அஞ்சல்காரர் வேண்டும். இப்படிப்பட்ட அமைப்பின் முதல் பயன் அதுதான். அரசிடம் கோரிக்கை வைப்பதெல்லாம் அதற்குப் பிறகே என்பது எங்கள் கருத்து.

குளோரின் எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். எவ்வளவு நேரம் என்பது மறுபாதி. ஆஸ்திரேலியக் குடிநீர் வழிகாட்டுதல்கள் மீதக் குளோரினையும் தொடர்பு நேரத்தையும் பெருக்கினால் குறைந்தது 15 வர வேண்டும் என்கின்றன. லிட்டருக்கு 0.5 மி.கி. என்றால் 30 நிமிடம். தொட்டியின் கொள்ளளவு 1 லட்சம் லிட்டர், மணிக்கு 10,000 லிட்டர் வெளியே போகிறது என்றால் பத்து மணி நேரம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் தடுப்புச் சுவர் இல்லாத தொட்டியில், உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் அருகருகே இருந்தால், நீரின் ஒரு பகுதி குறுக்கு வழியில் ஓடிவிடும். அதனால் கணக்கில் பத்தில் ஒரு பங்கு நேரத்தையே எடுப்பார்கள். அப்போதும் ஒரு மணி நேரம், போதும். மாலையில் எல்லோரும் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது தொட்டியில் 20,000 லிட்டர்தான் மிச்சம், போக்கு மணிக்கு 20,000 லிட்டர் என்றால்? ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு, 6 நிமிடம். 0.5ஆல் பெருக்கினால் 3. காலை 8 மணிக்கு எடுத்த அளவீட்டில் இந்த மாலைப் பொழுது தெரியவே தெரியாது. நீரின் பி.எச். 8ஐத் தாண்டினாலோ, கலங்கல் 1 என்.டி.யு.வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) மேல் போனாலோ அந்த 15 என்ற கணக்கே செல்லாது. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணியைக் குளோரின் எவ்வளவு போட்டாலும் அடக்க முடியாது. அதற்கு நல்ல வடிகட்டலோ புற ஊதா ஒளியோதான். இவ்வளவு செய்தும், தொட்டியின் கூரை மூடி சரியாகப் பொருந்தாமல் தவளையோ பறவை எச்சமோ விழுந்தால் முந்தைய உழைப்பெல்லாம் வீண். ஈ.கோலை தென்பட்டால் முதலில் ஏணி வைத்துத் தொட்டியின் மூடியையும் காற்றுப்போக்கி வலையையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அமைப்பின் அடுத்த பணி தரவு. கேட்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் சின்ன மன்றத்தின் நேரத்தை அதிகம் மிச்சப்படுத்துவது இதுதான். நீர்த்துறை ஒரு படிவம் கேட்கும், சுற்றுச்சூழல் துறை ஒன்று, தேசியப் புள்ளிவிவரம் ஒன்று. எல்லாவற்றிலும் 'இணைப்புகள் எத்தனை' என்ற கேள்வி இருக்கும், பொருள்தான் வேறு வேறு. பன்னிரண்டு வீடுகள் உள்ள அடுக்ககத்துக்கு ஒரே மீட்டர் என்றால் அது ஒன்றா, பன்னிரண்டா? ஓர் ஊர் ஒன்று என்றும் பக்கத்து ஊர் பன்னிரண்டு என்றும் எழுதினால், ஓர் இணைப்புக்கு எவ்வளவு கசிவு என்ற ஒப்பீடு அர்த்தமில்லாமல் போகும். ஸ்விம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாநிலம் தழுவிய தகவல் முறை இதற்காக வந்தது. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே வரையறை. மன்றம் ஒருமுறை தந்தால் போதும், வேண்டிய துறைகளுக்கெல்லாம் அங்கிருந்து போகும். தினசரி அளவீடுகளைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றும் மென்பொருளும் இதன் கூடவே வளர்ந்தது. நோட்டுப் புத்தகத்தில் கிடந்த எண்களை வரைகோடாகப் பார்க்கும்போதுதான் மீதக் குளோரின் மூன்று மாதமாக மெல்ல இறங்குவது கண்ணில் படும்.

கியூராப் என்று அழைக்கப்படும் வட்டாரக் கூட்டணித் திட்டம் 2011இல் தொடங்கியது. மாநில அரசின் நிதி, உள்ளாட்சிகளின் சங்கம், கியூஎல்டி வாட்டர் ஆகிய மூன்றும் சேர்ந்த ஏற்பாடு. அண்டை மன்றங்கள் குழுவாகச் சேர்ந்து எதைக் கூட்டாகச் செய்வது என்று தாமே முடிவு செய்கின்றன. பாதாளச் சாக்கடைக் குழாய்களுக்கு உள்ளுறை போடுவது நல்ல எடுத்துக்காட்டு. பழைய சுட்ட மண் குழாய்களின் இணைப்புகளில் மரவேர் நுழையும், விரிசல் விழும், மழைநாளில் வெளிநீர் புகுந்து கழிவுநீர் நிலையத்தை மூழ்கடிக்கும். தோண்டி மாற்றினால் சாலையும் போகும், பணமும் போகும். அதற்குப் பதில் ரெசின் ஊறிய துணிக்குழலை உள்ளே நுழைத்து, ஊதி விரித்து, நீராவியாலோ புற ஊதா ஒளியாலோ இறுக வைத்தால் பழைய குழாய்க்குள் புதுக் குழாய் கிடைத்துவிடும். ஆனால் அந்தக் குழுவும் கேமரா வண்டியும் பல நூறு கிலோமீட்டர் வர வேண்டும். 300 மீட்டர் வேலைக்கு எவரும் வரமாட்டார், வந்தாலும் வேலைக்கு மேல் வண்டிச் செலவு நிற்கும். நான்கைந்து மன்றங்கள் ஒரே டெண்டரில் சேர்ந்தால் குழு ஊர் ஊராக நகர்ந்து முடிக்கும், மீட்டர் விலையும் இறங்கும். இதில் சிக்கலும் உண்டு. எல்லா மன்றங்களின் நிதி ஒதுக்கீடும் ஒரே ஆண்டில் அமைய வேண்டும். கேமராப் பதிவில் பழுதுக்குக் கொடுக்கும் குறியீடு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மன்றம் கடைசி நேரத்தில் விலகினால் மற்றவர்களுக்கு விலை ஏறும்.

இவ்வளவு பாடுபடுவதற்கு எல்லா மன்றங்களின் நீர்ப்பணியையும் ஒரே நிறுவனமாக இணைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான தாஸ்மேனியாவில் அதைச் செய்தார்கள். 29 மன்றங்களுக்கும் சொந்தமாக 2013இல் தாஸ்வாட்டர் உருவானது. நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லும் அறிவிப்பு நீண்டகாலமாக இருந்த சின்ன ஊர்கள் அதிலிருந்து விடுபட்டன. அது உண்மையான வெற்றி. குயின்ஸ்லாந்தின் தென்கிழக்கிலும் கடும் வறட்சிக்குப் பிறகு இணைப்பு நடந்தது. கோல்ட் கோஸ்ட், லோகன், ரெட்லேண்ட் மூன்றும் சேர்ந்து 2010இல் ஆல்கனெக்ஸ் வாட்டர் ஆயின. இரண்டே ஆண்டில், 2012இல், அது கலைந்து பொறுப்பு மீண்டும் மன்றங்களிடமே போனது. யாருடைய கட்டணம் யாருடைய குழாய்க்குப் போகிறது என்ற கேள்வியை மக்கள் விடுவதில்லை.

உள்நாட்டுப் பகுதிகளுக்கு இணைப்பு பொருந்தாது என்றே நாங்கள் நினைக்கிறோம். தாஸ்மேனியா முழுவதன் பரப்பு 68,000 சதுர கிலோமீட்டர். டயமன்டினா ஒரு மன்றமே அதைவிடப் பெரியது. 200 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்களின் குழாயை இணைக்க முடியாது, ஒரே ஆபரேட்டர் இரண்டையும் பார்க்கவும் முடியாது. தலைமையகம் நகரத்துக்குப் போனால் குறைவது மேலாளர்கள்தாம், பள்ளம் தோண்டுபவர் குறைய மாட்டார். நீர்ப்பணியை எடுத்துவிட்டால் சின்ன மன்றத்தில் ஒரு மெக்கானிக்கையோ பொறியாளரையோ வைத்திருக்கும் அளவுக்குக்கூட வேலை மிஞ்சாது.

ஆகவே அந்த ஒற்றை ஆபரேட்டரைப் பலப்படுத்துவதே வழி. பயிற்சி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கனடாவின் வாக்கர்டன் ஊரைவிடக் கொடிய சான்று வேண்டாம். 2000 மே மாதம் பெருமழையில் மாட்டுச்சாணக் கழிவு ஓர் ஆழமற்ற கிணற்றில் கலந்தது. சுமார் 2,300 பேர் நோயுற்றனர், 7 பேர் இறந்தனர். விசாரணையில் வெளிவந்தது இது: மீதக் குளோரினை ஒழுங்காக அளக்காமல், நாள்தோறும் 0.5 அல்லது 0.75 என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஓட்டியவர்களுக்கு முறையான பயிற்சி இருக்கவில்லை. தாங்கள் தினமும் குடிக்கும் நல்ல தண்ணீரில் ஆபத்து இருக்க முடியும் என்றே அவர்கள் நம்பவில்லை. எங்கோ ஒரு சிற்றூரில் ஒரே எண் வரிசையாக எழுதப்பட்ட பதிவேட்டைப் பார்க்கும் எவரும் வாக்கர்டனை நினைக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் நீர்ப்பணிக்கெனத் தனித் தொழிற்கல்விச் சான்றிதழ்கள் உள்ளன. அதைக் கற்றுத்தரும் நிறுவனங்கள்தாம் குறைவு. மாணவர் நான்கு பேர் இருக்கும் ஊருக்குப் பயிற்றுநரை விமானத்தில் அனுப்பினால் கட்டுப்படியாகாது. மாணவரை நகரத்துக்கு அழைத்தால் ஊரின் நிலையத்தை யார் ஓட்டுவது? பழங்குடி மன்றங்களில் இந்தத் தட்டுப்பாடு இன்னும் கடுமை. பல மன்றங்களின் ஆட்களை ஒரே தொகுதியாகச் சேர்த்துப் பயிற்றுநரைச் சுற்றில் அனுப்புவது, அவரவர் நிலையத்திலேயே செய்முறையைச் சோதிப்பது போன்ற ஏற்பாடுகளை இப்படி ஓர் அமைப்பு நடுவில் நின்றால்தான் செய்ய முடியும். மாநிலம் முழுவதற்கும் நடத்தும் குடிநீர்ச் சுவைப் போட்டியையும் விளையாட்டாக எண்ண வேண்டாம். பழுதானால் மட்டுமே நினைவுக்கு வரும் ஒரு வேலையைச் செய்பவரின் பெயரை ஊர் பாராட்டிச் சொல்லும் அரிய நாள் அது.

புது விதிகள் வரும்போதும் நடுவில் நிற்கும் இந்த அமைப்பு தேவை. 2025 ஜூனில் தேசிய வழிகாட்டுதல்களில் பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும், எளிதில் சிதையாத செயற்கை வேதிப்பொருள்களின் வரம்பு இறுக்கப்பட்டது. அவற்றில் பி.எஃப்.ஓ.எஸ். லிட்டருக்கு 8 நானோகிராம், பி.எஃப்.ஓ.ஏ. 200 நானோகிராம். நானோகிராம் என்பது மில்லிகிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மாதிரி எடுப்பவரின் மழைக்கோட்டுப் பூச்சோ குப்பி மூடியின் உட்பூச்சோகூட முடிவைக் கெடுத்துவிடும். எந்தக் குப்பி, எந்தக் கையுறை, ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் வெற்று மாதிரி எத்தனை, முடிவு வந்தபின் ஊருக்கு என்ன சொல்வது என்று மன்றம் மன்றமாக ஆலோசகரை வைத்துக்கொண்டால் பணம் கரைந்துவிடும்.

அமைப்பின் வரம்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உறுப்பினர் சந்தாவில் வாழும் அமைப்பு ஓர் உறுப்பினரின் தவறைப் பகிரங்கமாகச் சுட்டிக்காட்டாது. அது ஒழுங்குமுறை அதிகாரியின் வேலை, இரண்டையும் குழப்பக்கூடாது. மிக நல்ல வழிகாட்டு ஏடும் அதைப் படிக்க நேரமில்லாத ஆளுக்கு உதவாது. தண்ணீர் கெட்டால் சட்டத்தின் முன் நிற்பது மன்றம்தான், அமைப்பு அல்ல.

எல்லாவற்றுக்கும் அடியில் பணம். புது நிலையம் கட்ட மானியம் கிடைக்கும், அமைச்சர் வந்து திறந்து வைப்பார். அதை ஓட்டவும், பழுது பார்க்கவும், இருபது ஆண்டு கழித்துச் சவ்வு வடிகட்டிகளையும் பம்புகளையும் மாற்றவும் மானியம் எளிதில் கிடைக்காது. பழைய மணல் வடிகட்டியை ஓட்டத் தெரிந்த ஊருக்கு, தொலைவிலிருக்கும் நிறுவனத்தின் பொறியாளர் வந்தால்தான் சரிசெய்ய முடிகிற கருவி வந்து சேருகிறது. 300 வீடுகளின் கட்டணத்தை எவ்வளவு உயர்த்தினாலும் தேய்மானச் செலவை எட்ட முடியாது. நிலம் சமூகத்தின் பொறுப்பில் இருக்கும் பழங்குடி மன்றங்களில் வீட்டுவரி வசூல் பெரும்பாலும் கிடையாது. ஆகவே கட்டுவதற்கு ஒருமுறை தரும் தொகையைவிட, மாற்றீட்டுக்கும் ஆபரேட்டர் சம்பளத்துக்கும் ஆண்டுதோறும் வரும் சிறு தொகையே இந்த ஊர்களுக்கு வேண்டும். ஒரு நிலையத்துக்கு மானியம் கேட்கும் விண்ணப்பத்தில் நாங்கள் முதலில் தேடுவது கட்டுமானச் செலவை அல்ல. ஓட்டுபவர் விடுப்பில் போகும் இரண்டு வாரமும் மீதக் குளோரினை அளக்கப்போவது யார் என்ற வரியைத் தேடுகிறோம்.